தண்ணீர்த் தொட்டிக்கும் தளம் வேண்டும்

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் குடியேறியுள்ள நம் நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு செய்தி வந்தது. வீட்டின் பின்புறத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வாங்கி வைக்கப் போகிறாராம். குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டிக் கொண்டிருக்க, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து உடல் வலியைத் தீர்த்துக் கொள்ளும் ஏற்பாடு அது. மூட்டு வலியால் துன்புறும் அவருடைய துணைவியாருக்காகவே அதை வாங்குகிறார். தொட்டி வந்து சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறதென்றும், அது உட்காருவதற்கான தளத்தை அமைப்பதிலேயே பதினைந்து நாட்கள் கழிந்துவிட்டன என்றும் அவர் எழுதியிருந்தார்.

படித்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் நகைத்தோம். ஒரு தொட்டியை வைக்கப் பதினைந்து நாளா? எங்கள் கொல்லைப்புறத்தில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாக நின்று கொண்டிருந்தது. அதன் மேடையைக் கட்டி முடிக்க ஒரே பகல்தான் ஆயிற்று. அந்தப் பெருமையை நண்பருக்கும் எழுதி அனுப்பினோம். ஆனால் அந்தப் பெருமை இரண்டு மாதங்கூட நிலைக்கவில்லை.

விழுந்த தொட்டி

எங்கள் வீடு இருப்பது கரிசல் நிலம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. மழை ஓய்ந்த மார்கழியில் தொட்டி ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டோம். கட்டைவிரல் அளவுதான் சாய்வு. இதற்காகக் கொத்தனாரை அழைப்பானேன் என்று நினைத்து, தொட்டியைக் காலி செய்து, தாழ்ந்திருந்த பக்கத்தில் ஓட்டுத் துண்டுகளையும் ஒரு தட்டைக் கல்லையும் நாங்களே முட்டுக் கொடுத்து நிமிர்த்தினோம். பார்வைக்கு நேராகிவிட்டது. மனமும் நிறைந்துவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு நண்பகல். எங்கள் மருமகள் தொட்டியடியில் பாத்திரங்களைத் துலக்கி எடுத்துக் கொண்டு உள்ளே வந்தாள். பேரப்பிள்ளை தன் மூன்று சக்கர வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடி வந்தான். ஐந்து நிமிடங்கூட ஆகியிராது. பாறை உருண்டாற்போல் ஓர் ஓசை எழுந்தது. ஓடிப் பார்த்தால் தொட்டி குப்புறக் கிடக்கிறது. கொல்லை முழுதும் வெள்ளம். குழந்தையின் வண்டி தகடாக நசுங்கிக் கிடக்கிறது. அந்த வண்டியை நெடுநேரம் பார்த்துக் கொண்டு நின்றோம். எவரும் பேசவில்லை.

பாறையின்மேல் வீடு கட்டியவனையும் மணலின்மேல் கட்டியவனையும் பற்றிக் கோவிலில் எத்தனை முறை கேட்டிருப்போம்! தொட்டியும் வீட்டைச் சேர்ந்ததே என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

முதிய கொத்தனார் கூறியது

மறுநாள், ஊரில் அறுபது ஆண்டு அனுபவமுள்ள முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் உடைந்த மேடையைச் சுற்றி வந்தார், கடப்பாரையால் இங்குமங்கும் குத்திப் பார்த்தார், பின்னர், “ஐயா, தொட்டி நிறைந்து வழியும் தண்ணீர் எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டார்.

கிழக்குப் பக்கம் என்றோம். தொட்டி சாய்ந்ததோ மேற்குப் பக்கம். நீர் விழுந்த பக்கம் மண் கரைந்து தாழ்ந்திருந்தால் கிழக்கேயல்லவா சாய்ந்திருக்க வேண்டும்?

“கரிசல் மண் அப்படியில்லை, ஐயா. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வழிந்த தண்ணீரைக் குடித்துக் கிழக்குப் பக்கம் உப்பி உயர்ந்துவிட்டது. மேற்குப் பக்கம் உயரவில்லை. தொட்டி சாய்ந்தது அதனால். விழுந்தது நீங்கள் வைத்த கல்லால்” என்றார் அவர்.

பிறகு விளக்கினார். மேடைச் சுவருக்குள்ளே நிரப்பியிருந்தது பழைய வீட்டின் இடிபாட்டுக் குப்பை. அது நாளாவட்டத்தில் அமுங்கி, மேலே பரப்பிய கடப்பைக் கல்லுக்கும் நிரப்புக்கும் இடையே வெற்றிடம் உண்டாகியிருந்தது. தொட்டி தன் அடிப்பகுதி முழுவதையும் கல்லின்மேல் பரப்பி அமர்ந்திருந்தவரை கல் தாக்குப்பிடித்தது. நாங்கள் முட்டுக் கொடுத்ததும் பாதிச் சுமை அந்த ஓர் இடத்திலேயே குவிந்தது. அடியில் தாங்கல் இல்லாத கடப்பைக் கல் இரண்டாகப் பிளந்தது, தொட்டி கவிழ்ந்தது. நோய்க்குக் காரணம் மண்; விபத்துக்குக் காரணம் எங்கள் வைத்தியம்!

நீரின் கனத்தை மறக்கிறோம்

இத்தவற்றை நம்மில் பெரும்பாலோர் செய்கிறோம். காரணம், தொட்டியை நாம் வெறுமையாக இருக்கும்போது தூக்குகிறோம். கடையிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் எளிதாகத் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன். மூன்றரை அடிக்குச் சற்று மிகுந்த அகலமுடைய வட்டத்தில் அத்தனை கனமும் இரவும் பகலும் அழுத்திக் கொண்டே இருக்கிறது.

நண்பரின் வெந்நீர்த் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஏழடிச் சதுரமான அத்தொட்டியில் ஏறக்குறைய 1,500 லிட்டர் நீர் கொள்ளும். தொட்டியின் எடையும் ஆட்களின் எடையும் சேர்ந்தால் இரண்டரை டன் ஆகும். எனினும் அது பரந்து கிடப்பதால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 கிலோ சுமைதான். உயர்ந்து குறுகிய நம் தொட்டியோ சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்குமேல் அழுத்துகிறது. அவர் பதினைந்து நாள் உழைத்த தளத்தைவிட நம் தளம் உறுதியாக இருந்திருக்க வேண்டும்!

இங்கே வேறொன்றும் கருதத்தக்கது. நன்கு இறுகிய இயற்கை மண் சதுர மீட்டருக்குப் பத்து டன் சுமையையும் தாங்கக் கூடியது. ஆகவே மண்ணுக்குப் பொதுவாக வலிமைக் குறைவில்லை. ஒரு பக்கம் அமுங்கி மறு பக்கம் அமுங்காமல் இருப்பதே ஆபத்து. தளம் முழுதும் ஒரே சீராக அரை அங்குலம் தாழ்ந்தால் தொட்டிக்குக் கேடில்லை. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால், நீரின் கனம் அப்பக்கமே சாய்ந்து, அதை மேலும் தாழ்த்திக் கொண்டே போகும்.

இடத்தைத் தேர்தல்

புதிய தளம் அமைக்கும்போது கொத்தனார் முதலில் இடத்தைத்தான் தேடினார். கழிவுநீர்த் தொட்டியின் மூடியின்மேலோ, உறிஞ்சு குழியை ஒட்டியோ, மூடிய பழைய கிணற்றின்மேலோ தளம் அமைக்கக் கூடாது. புதிதாக மண் கொட்டி நிரப்பிய இடமும் ஆகாது. அது அமுங்கித் தீரப் பல ஆண்டுகள் ஆகும். அரசு, ஆல், வேம்பு போன்ற மரங்களின் வேர்கள் தளத்தைத் தூக்கிவிடும். தென்னையின் அடியில் வைத்தால் தேங்காயும் மட்டையும் தொட்டியின் தலையில் விழும். சுற்றுச்சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டடி இடைவெளி விட்டால்தான் பின்புறத்தைச் சுத்தம் செய்யவும் கசிவைக் கண்டறியவும் முடியும். வழியும் நீர் தானாகவே வடிந்தோடும் மேடான இடமே சிறந்தது.

மாடியில் தொட்டி வைப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. ஏறி நடமாடும் மொட்டை மாடித் தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் விதித்துள்ள பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. நாலடி உயர நீர் அழுத்துவதோ அதைப்போல் எட்டு மடங்கு. ஆகவே மாடியின் நடுவில் தொட்டியை வைப்பது வீட்டாரின் தலைமேல் வைப்பதற்கு ஒப்பாகும். கீழே சுவரோ தூணோ உத்தரமோ உள்ள இடத்தில், அவற்றின்மேல் சுமை இறங்குமாறு மேடை அமைக்க வேண்டும். இதைப் பொறியாளர் ஒருவரைக் கலந்து செய்வதே முறை.

மண்ணை அறிதல்

ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்தாலே மண் தன் குணத்தைச் சொல்லிவிடும். செம்மண்ணும் சரளையும் நல்லவை. மணலும் இறுகியிருந்தால் நல்லதே. நீர் அரித்துக் கொண்டு போகாமல் காத்தால் போதும். கரியநிறமாய், ஈரத்தில் பிசின்போல் ஒட்டி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் மண்ணாயின் அது கரிசல். அங்கே மிகுந்த கவனம் வேண்டும்.

கரிசலின் தொல்லை நம் நாட்டு அறிஞர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கரிசல் நிலத்துக் கட்டடங்களுக்கென்றே அடியில் குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண் அடித்தளத்தை உருவாக்கிப் பரப்பியது. மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் கட்டி என்பவர் வேறொரு வழி கண்டார். கரிசலின்மேல் பிடிப்புள்ள, ஆனால் வீங்காத மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் பரப்பினால், அடியிலுள்ள கரிசல் உப்புவது பெருமளவு அடங்கிவிடும் என்பதே அது. வெறும் மணலைப் பரப்புவது அவ்வளவு பயன் தருவதில்லை. மழைநீர் மணல் வழியே இறங்கிக் கரிசலுக்குள் புகுந்துவிடும்.

நம் கொத்தனார் இந்த ஆராய்ச்சிகளைப் படித்தவரல்லர். ஆயினும், “கரிசலை எடுத்துவிட்டுச் செம்மண் கிராவலை இடித்து நிரப்புங்கள், மணல் வேண்டாம்” என்று அவர் சொன்னபோது, அனுபவமும் ஆராய்ச்சியும் ஓரிடத்தில் சந்திப்பதைக் கண்டு வியந்தோம்.

தளம் அமைத்த முறை

ஆறடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம் தோண்டினோம். நல்ல செம்மண் நிலமாயின் ஒன்றரை அடி ஆழமே போதும் என்றார் கொத்தனார். அடிமண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பின், செம்மண் கிராவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இடித்தோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பஞ்சுபோலவே இருக்கும். கிராவலில் ஈரம் அளவாக இருக்க வேண்டும். ஒரு பிடியை எடுத்துக் கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். உள்ளங்கையில் நீர் ஒட்டக் கூடாது. அதுவே சரியான பதம்.

அதன்மேல் சிமெண்டு 1, மணல் 4, பெருஞ்ஜல்லி 8 என்ற விகிதத்தில் நான்கு அங்குலக் காங்கிரீட் இட்டோம். அதன்மேல் ஐந்தடிச் சதுரத்தில் ஒன்பது அங்குலச் செங்கற்சுவரை, தரைக்குமேல் ஒன்றரை அடி நிற்குமாறு எழுப்பினோம். குழாயின் கீழே குடம் நிற்க அந்த உயரம் தேவை. சுவருக்குள் இம்முறை இடிபாடு போடவில்லை. அதே கிராவலையே அடுக்கடுக்காக இடித்து நிரப்பினோம். குழாய்கள் போகும் வழியையும் அப்போதே அமைத்துவிட்டோம். தளம் போட்டபின் உளியெடுத்தால் தளம் பாழாகும்.

மேல்தளம் ஐந்தடிச் சதுரம், ஐந்து அங்குலக் கனம். எட்டு மில்லிமீட்டர்க் கம்பிகளை இரு திசையிலும் ஆறங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டி, கம்பி தரையில் படாதவாறு கவர் கட்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்தினோம். கம்பி பதின்மூன்று கிலோ ஆயிற்று. காங்கிரீட் விகிதம் 1:1½:3. இரண்டரை மூட்டை சிமெண்டு, நாலரை கன அடி மணல், ஒன்பது கன அடி முக்கால் அங்குல ஜல்லி செலவாயின. தளம் முழுவதையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும்.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, காங்கிரீட் எளிதாகப் பரவட்டும் என்று வேலையாட்கள் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். அது வலிமையைக் குறைத்துவிடும். இத்தகைய கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு முப்பது லிட்டருக்குமேல் நீர் சேர்க்கலாகாது. இரண்டாவது, கடற்கரை ஊர்களில் வாழ்வோர் அருகில் கிடைக்கிறதே என்று கடல் மணலைக் கலந்துவிடக் கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து காங்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆற்று மணலோ, தரமான எம்.சாண்டோ பயன்படுத்தலாம்.

தளம் இறுகியதும் ஓரத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினோம். குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும் என்பது விதி. இப்போது பரவலாக விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டாயின் பத்து நாள். இருபத்தெட்டு நாளில்தான் காங்கிரீட் அதற்குரிய வலிமையை அடைகிறது. எனவே அதுவரை பொறுத்திருந்தோம். டொராண்டோ நண்பரின் பதினைந்து நாளைக் கண்டு நகைத்த நாங்கள், அதைப்போல் இரு மடங்கு நாள் காத்திருந்தோம்!

மட்டமும் வடிகாலும்

தளம் மட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. ரசமட்டத்தை நான்கு திசையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடிப்பாகம் முழுவதும் தளத்தில் படிந்திருக்க வேண்டும். இரண்டு பலகைகளின் மேலும், வளையமாக அடுக்கிய செங்கற்களின் மேலும், பழைய டயரின் மேலும் பிளாஸ்டிக் தொட்டியை நிறுத்தும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. ஓயாத சுமையின்கீழ்ப் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தொய்யும் இயல்புடையது. தாங்கல் இல்லாத இடத்தில் அது தொய்ந்து, ஒரு நாள் கிழியும். தொட்டியைவிடத் தளம் எல்லாப் பக்கமும் சில அங்குலமாவது அகன்றிருப்பதும் அவசியம்.

தளத்தைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகச் சிமெண்டுத் தரை அமைத்தோம். வழிநீர்க் குழாயை நீட்டி, வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்கு விட்டோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அன்றாடம் கால் மணி நேரம் வழிந்த தண்ணீர்தான் மூன்றாண்டுகளில் எங்கள் தொட்டியைக் கவிழ்த்தது. அத்தண்ணீரே இன்று வாழைக்குப் பாய்கிறது.

தொட்டியை ஏற்றிய பிறகும் ஒரேயடியாக நிரப்பவில்லை. முதல் நாள் பாதி. மறுநாள் ரசமட்டம் வைத்துப் பார்த்த பின்னரே மீதி. ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் கோடையின் முடிவிலும் மீண்டும் மட்டம் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். சாய்வு தெரிந்தால் முட்டுக் கொடுப்பதில்லை. உடனே தொட்டியைக் காலி செய்து, மண்ணில் என்ன நேர்ந்தது என்று ஆராய்வோம் என உறுதி பூண்டுள்ளோம்.

இரு நாடு, ஒரே பாடம்

நடந்தவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதினோம். அவர் தம் தளத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். அவர் ஊரில் குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழம்வரை உறையக் கூடுமாம். மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகும்போது பருத்துத் தரையையே மேலே தூக்கும். இளவேனிலில் உருகும்போது தரை மீண்டும் தாழும். ஆகவே மேல்மண்ணை நீக்கி, ஆறங்குலம் உடைகல்லை இயந்திரத்தால் இறுக்கி, நீர் தேங்காதவாறு வடிகால் அமைத்து, அதன்மேல் நான்கு அங்குலக் கம்பிக் காங்கிரீட் போட்டிருக்கிறார். வெறும் உடைகல்லின் மேலும், பாவு கற்களின் மேலும், மரப்பலகை மேடையின் மேலும் தொட்டி வைப்பவர்கள் அங்கே உண்டு. பழைய மரமேடை இரண்டரை டன்னைத் தாங்குமா என்ற ஐயத்தால் அவர் அதைத் தவிர்த்துவிட்டார்.

அங்கே உறைபனி தூக்குகிறது. இங்கே கரிசல் தூக்குகிறது. அங்கும் இங்கும் உண்மையான எதிரி, மண்ணுக்குள் ஓசையின்றிப் புகும் நீர்தான். தொட்டிக்குள் நீரை வைத்துக் கொள்வோம். தொட்டிக்கு அடியில் அதை விடாதிருப்போம். இந்த ஒன்றை மறவாதிருந்தால் மற்ற முறைகளெல்லாம் எளிதில் விளங்கும்.

அன்பு வாசகர்களே, இவ்விதழைக் கீழே வைத்ததும் உங்கள் கொல்லைப்புறத்துக்கு ஒரு முறை சென்று வாருங்கள். தொட்டி நேராக நிற்கிறதா? அதன் அடியில் எங்கேனும் ஓட்டுத் துண்டு செருகியிருக்கிறதா? வழிநீர் எங்கே விழுகிறது? அந்த நிழலில் எந்தக் குழந்தை விளையாடுகிறது? நசுங்கிய வண்டியை நாங்கள் இன்னும் எறியவில்லை. பேரன் புது வண்டி கேட்டான், வாங்கிக் கொடுத்துவிட்டோம். பழையது கொல்லைச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. ரசமட்டத்தை எடுக்கப் போகும்போதெல்லாம் அது எங்கள் கண்ணில் படுகிறது.